வேலை நாளில் போடாத மாத்திரை

அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மாத்திரை போட்டிருக்கிறாள். அவள் இளைப்பு முற்றி இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. அவள் துணி வைத்திருந்த தகரப்பெட்டியைக் காலி செய்தேன். அடியில் இளைப்பு மாத்திரை அட்டைகள் கிடந்தன. பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் வரிசையில் நின்று நான் வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வொரு அட்டையிலும் ஒன்றிரண்டுதான் குறைந்திருந்தன.

பக்கத்து வீட்டு அத்தை, பட்டாசுக் கம்பெனியில் அம்மாவோடு ஒரே அறையில் வெடிக்கு மருந்து அடைத்தவள். அட்டைகளை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"போட்டா கை நடுங்குதுன்னு ஒங்கம்மா சொன்னா தாயி. வெடி அடைக்கிற எடத்துல நடுங்குற கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய? தீவாளி சீசன் வேற. போர்மேன் அண்ணாச்சி பாத்தாகன்னா வெளிய அனுப்பிருவாக. லீவு நாள்ல போட்டுக்கிடுதேன், எம்மககிட்ட சொல்லிராதன்னா."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல அத்த?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. என்மேல் வந்தது அதைவிடப் பெரிது. வாங்கித்தான் கொடுத்தேன். போடுகிறாளா என்று ஒருநாள்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

அப்பாவுக்கும் அதே கம்பெனி. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் சேர்த்துக் கலக்குகிற வேலை. அம்மா போய் இரண்டு மாதத்தில் அவர் நெஞ்சிலும் விசில் கேட்டது. இவரை விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உறிஞ்சுகிற மருந்து எழுதினார். நர்ஸம்மாவிடம் நான் முதலில் கேட்டது கை நடுக்கத்தைத்தான்.

"நடுங்கத்தாம்மா செய்யும். அந்த மருந்தோட கொணம் அது. நெஞ்சும் கொஞ்சம் படபடன்னு வரும், அப்பறம் அடங்கிரும். மாத்திரையவிட உறிஞ்சுறதுல கம்மி. அதுக்காக நீங்களா நிப்பாட்டக் கூடாது. படபடப்பு அடங்கலன்னா நேரா இங்க கூட்டிட்டு வந்துரு."

மருந்து இரண்டு வகை, இரண்டும் பொடி அடைத்த கூடு மாத்திரைகள், சின்ன மிஷினில் போட்டு உறிஞ்ச வேண்டியவை. ஒன்று இளைப்பு வந்தவுடன் மூச்சைத் திறக்க. இன்னொன்று இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை மாலை. அதை எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாய்க்குள் புண் வரும். நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுதிக்கொள்ளாமல் மூன்று தடவை சொல்லச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குழாயடிக்குப் போய் வருவதற்குள் அப்பா வேலையை முடித்திருந்தார்.

"ரெண்டையும் முழுங்கிட்டேன் தாயி. நெஞ்சு லேசாயிருச்சு."

"ஐயோ, அது முழுங்குறது இல்லப்பா! இந்த மிஷின்ல போட்டு உறிஞ்சணும்!"

"அப்பறம் எதுக்குத் தாயி அத மாத்திரை மாதிரி செஞ்சு வச்சிருக்கான்?"

அம்மா போனபிறகு அன்றுதான் வீட்டில் சிரித்தோம். சாயங்காலம் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். உறிஞ்சச் சொன்னால் ஊதினார். பொடி முழுக்க என் முகத்தில்.

"விடு, ஒனக்கும் இளைப்பு வராது" என்றார்.

இன்னொரு மாத்திரையை மிஷினில் போட்டேன். இந்தத் தடவை சரியாக இழுத்தார். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கினார். கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போற நாள்ல இது வேண்டாம் தாயி."

அம்மா சொன்னதும் இதேதான். விடியட்டும் என்று இருந்தேன். காலையில் மருந்தை உறிஞ்ச வைத்து, அவரோடு நானும் கம்பெனி வாசலுக்குப் போனேன்.

"என்ன, பிள்ளையும் வேலைக்கு வந்துட்டாகளா?" என்றார் போர்மேன்.

"இல்ல அண்ணாச்சி. அப்பாவுக்கு இளைப்பு மருந்து குடுத்திருக்கேன். அதுல கை நடுங்கும். நான் மருந்த நிப்பாட்ட மாட்டேன். நீங்க வேலைய மாத்திக் குடுங்க."

"ஏ, சும்மா இரு. ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சின்னப்பிள்ள ஏதோ..." என்று அப்பா முன்னால் வந்தார்.

"கைய நீட்டும் பாப்பம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். வரிசையில் நின்ற ஒருவன், "அண்ணாச்சி, இவருக்கு மேளம் அடிக்கிற வேலை குடுங்க" என்றான்.

"சிரிக்காதலே. இந்தக் கையோட கலக்குனா நம்ம எல்லாரும் மேலதான்." போர்மேன் அப்பாவிடம் திரும்பினார். "வாயத் தொறந்து சொன்னா என்ன? பெட்டி அடுக்குற பக்கம் போங்க."

அம்மா சொல்லியிருந்தாலும் இப்படித்தான் அனுப்பியிருப்பாரா? சீசன் நேரத்தில்? தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். சாப்பிட்டார். மருந்தை உறிஞ்சினார். கொப்பளித்துத் துப்பிவிட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்:

"காலையில வெள்ளன எழுப்பிவிடு. மருந்த எடுத்துட்டு, நடுக்கம் அடங்குற வரைக்கும் உக்காந்துட்டுப் போறேன்."