குளியல் தொட்டிக் கிணறு

செய்தி சரியில்லாத நாட்களில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் யாரும் குளிக்க முடியாது. எங்கோ சண்டை, எரிவாயு வராதாம், எண்ணெய்க் கப்பல் நிற்கிறதாம் என்று கேட்டால் போதும், நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பிவிடுவேன். மகள் ஜிம்மில் குளித்துவிட்டு வருவாள். பால்கனியில் மூடி போட்ட வாளிகள் வேறு. ஜெர்மனியில் ஹம் நகரில் ஆறாம் மாடியில் இருக்கிறோம். நிலவறையில் மோட்டர் ஓடினால்தான் தண்ணீர் மேலே ஏறும். வீடு பார்க்க வந்த அன்றே அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"மற்ற ஆக்கள் கரண்ட் போனா மெழுகுதிரி தேடுவினம். உன்ர அப்பா வாளி தேடுவார்" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராமல் தடுத்தார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கிற மிசின் ஓடாது. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்க, எங்கள் வெங்காயத் தோட்டம் காய்ந்தது. கையால் அள்ளி ஊற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது அப்படித்தான்.

போன வசந்தத்தில் மகள் ஒரு ஜெர்மன் பிள்ளையை விரும்புவதாகச் சொன்னாள். அவனுடைய தாயும் தகப்பனும் ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"அப்பா, அந்தத் தண்ணியைத் திறந்து விடுங்கோ. அவை பார்த்தா என்ன நினைப்பினம்?"

எனக்கும் அதே பயம்தான். விசர் பிடித்த ஆட்களின் வீடு என்று நினைத்து, என்னாலேயே இந்தச் சம்பந்தம் குழம்பிப்போனால்? ஆனால் திறந்துவிடக் கை வரவில்லை. குளியல் திரையை இழுத்து மூடினேன். வாளிகளைப் படுக்கையறைக்குள் தள்ளிப் போர்வையால் மூடினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஆரோ அஞ்சாறு பேர் குந்திக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தாய் பூக்கொத்தோடு வந்தார். தகப்பன் நெடுத்த மனிதர். ஆட்டிறைச்சிக் கறியை வேர்த்து வேர்த்துச் சாப்பிட்டு, தண்ணீரை மடமடவென்று குடித்தார். பாதிச் சாப்பாட்டில் மின்சாரம் போனது. கீழே தெரு வேலை செய்தவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். குசினியில் பாத்திரம் கழுவுகிற குழாய் இருமுறை இருமிவிட்டு நின்றது. அந்த நேரம் பார்த்துப் பையனின் தகப்பன் எழுந்து கழிவறைக்குப் போனார். அதுவும் குளியலறையும் ஒன்றுதான்.

"இங்கே தண்ணீர் வரவில்லை" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. பிறகு திரை வளையங்கள் கிறீச்சிடும் சத்தம். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தட்டில் இருந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே வந்து நேரே என்னிடம் கேட்டார்: "இது மட்டும்தானா, இன்னும் இருக்கிறதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. கூட்டிப்போய்ப் போர்வையைத் தூக்கிக் காட்டினேன். வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், தன் மனைவியைக் கூப்பிட்டார். "வா, வந்து பார். நான் மட்டும் இல்லை."

அந்த அம்மா நெற்றியில் கை வைத்தார். அவர்கள் வீட்டு நிலவறையில் கால் வைக்க இடமில்லையாம். எரிவாயுப் பயம் வந்த குளிர்காலத்திலிருந்து தண்ணீர்ப் பெட்டிகள், அடுப்பு, மெழுகுதிரி. "நீங்கள் பார்த்தால் என்ன நினைப்பீர்களோ என்றுதான், முதலில் நாங்களே வருகிறோம் என்று சொன்னேன்" என்றார்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். பிறகு யாராலும் சிரிப்பை நிறுத்த ஏலாமல் போனது. சம்பந்தியும் நானும் ஆளுக்கொரு வாளி தூக்கிக்கொண்டு போய் எங்கள் மாடியில் கதவு கதவாகத் தட்டிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது மகள் வாசலில் நின்றாள்.

"முழு ஜெர்மனியிலயும் தேடி, நான் பிடிச்ச வீட்டைப் பாருங்கோ அப்பா."

கல்யாண மண்டபம் பார்க்கப் போன அன்று பெண்கள் மேடையையும் விளக்குகளையும் பார்த்தார்கள். சம்பந்தியும் நானும் தண்ணீர் மோட்டர் எங்கே இருக்கிறதென்று கேட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்கினோம்.