முழங்காலில் மூன்று கோடுகள்

என் தம்பிக்கு ஊன உபகாரச் சம்பளம் கேட்டு நாங்கள் விண்ணப்பித்த செய்தியை எழுதப் புகும்போது, எனக்கு நேரே தெரிந்தவற்றையும், தாளில் இருப்பவற்றையும் மட்டுமே எழுதுவது என்று வரையறுத்துக்கொண்டேன். ஊரில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் சொல்லில் நான் தம்பியைக் கெடுத்தவன். மற்றொருவர் சொல்லில் உண்மைக்காக அவனை இழந்த பெரியவன். இரண்டிற்கும் சான்று இல்லை. என்னிடம் இருப்பவை அவனைப் படையிலிருந்து விடுவித்த சான்றிதழும், நான் எழுதிய விண்ணப்பத்தின் தமிழ்ப் படியும், அரசாங்கத்தின் மறுமொழியுமே. பிறர் வாயிலாக அறிந்ததைச் சொல்ல நேரும் இடத்தில் அதை அப்படியே குறிப்பிடுவேன்.

எங்கள் ஊர் கம்பைநல்லூருக்கு அருகில் உள்ளது. நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். என்னைப் படிக்க வைத்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபின், மழை தவறிய ஓர் ஆண்டில் அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். சாலை போடும் பிரிவில் அவனை வைத்தார்கள். அசாம் மலைப்பாதையில் கல் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்து அவனுடைய இடது முழங்கால் நசுங்கியது. சான்றிதழில் லாரியைப் பற்றிய குறிப்பு இல்லை. முழங்கால் மடங்காமையால் விடுவிக்கப்பட்டான் என்று மட்டுமே இருக்கிறது. லாரி கவிழ்ந்தது அவன் சொல்லி நான் அறிந்தது.

திரும்பி வந்தபின் அவனால் தரையில் உட்கார இயலவில்லை. பழைய உரல் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்து, காலை நேரே நீட்டியபடி உண்டான். அவன் மனைவி தட்டைக் கையில் தூக்கிக் கொடுப்பாள். அந்தக் காலோடு ஏரின் பின்னால் நடக்க முடியாது. உபகாரச் சம்பளம் வந்தால் ஆள் வைத்து உழுது நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வராவிட்டால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். இதில் எங்கள் யாருக்கும் ஐயம் இல்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. படையில் சேருமுன் இந்த ஊனமோ, இதற்குக் காரணமான நோயோ இருந்ததா என்பது அது.

ஒன்பது வயதில் தம்பிக்கு அதே முழங்கால் வீங்கியது. எங்கள் பக்கத்தில் வீக்கத்திற்கும் வலிப்புக்கும் சூடு போடுவது வழக்கம். அரிவாளின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி முழங்காலுக்கு மேல் மூன்று கோடுகள் இழுத்தார்கள். அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இரண்டு மாதத்தில் எழுந்து நடந்தான். அதன்பிறகு பத்து ஆண்டுகள் ஏர் ஓட்டினான், பனை ஏறினான். பட்டாளத்தில் சேர்க்கும்போது அவனை ஓடவிட்டுப் பார்த்தே எடுத்தார்கள்.

தழும்பு கண்ணுக்குத் தெரிவது. சொல்லாமல் விட்டால் மறைத்ததாக ஆகும். சொன்னால் விளங்கிவிடும் என்று எண்ணினேன். ஆகவே சூடு போட்டதையும், பிறகு முற்றும் குணமானதையும் ஐந்து வரிகளில் எழுதினேன்.

தாலுகா கச்சேரி வாசலில் மேசை போட்டு ஆங்கிலத்தில் மனு எழுதித் தருபவர் ஒருவர் இருந்தார். நானும் தம்பியும் அவரிடம் போனோம். அவர் என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க வாத்தியாரே, முந்தியே நொண்டியான்னு கேக்கறாங்க. இல்லைன்னு ஒரு வார்த்தையில முடியற காரியம். நீங்க தல புராணம் எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க.”

“தழும்பு இருக்குதுங்களே” என்றேன்.

“இந்தத் தாலுகாவுல தழும்பு இல்லாத ஆளக் காட்டுங்க பாப்போம். எனக்கே வவுத்துல ரெண்டு இருக்குது. மாட்டுக்குக் காச்சுன கம்பி ஆறிப் போறதுக்குள்ள எனக்கும் இழுத்துவுட்டாங்க.”

தம்பி சிரித்தான். “எங்கண்ணன் எழுதுனா அப்பிடித்தானுங்க. உள்ளபடியே போட்டுடுங்க” என்றான்.

“போடறேன். வெள்ளக்காரனுக்குச் சூடுன்னா என்ன தெரியும்? சின்ன வயசுல தீப்பட்ட புண்ணுன்னு போட்டுடட்டுங்களா?”

தீப்பட்ட புண் அன்று, நோய் தீர்க்க இட்ட சூடு என்று விளங்கும்படி எழுத வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அவ்வாறே எழுதினார்.

சில மாதங்கள் கழித்து மருத்துவச் சோதனைக்குப் பெங்களூருக்கு வரச்சொல்லித் தாள் வந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது கரியில் ஓடிய பஸ்ஸில் மொரப்பூருக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். பெட்டியில் தம்பியின் கால் நடைவழியில் நீண்டிருந்தது. போகிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். சோதனை அறைக்குள் என்னை விடவில்லை. உள்ளே நடந்தது, வெளியே வந்தபின் அவன் சொன்னது.

“மூணு கோட்டையும் டாக்டரு பேனாவால தொட்டுத் தொட்டுக் காட்டுனாருங்கண்ணா. இது எதனாலன்னு கேட்டாங்க. வீக்கத்துக்குச் சூடு போட்டாங்கன்னு சொன்னேன். எத்தன மாசம் படுத்திருந்தேன்னு கேட்டாங்க. ரெண்டு மாசம்னேன். எழுதிக்கிட்டாங்க.”

“அதுக்கப்பறம் பத்து வருசம் ஏரோட்டுனதச் சொன்னியா?”

“அத யாரும் கேக்கலீங்களே.”

மருத்துவரின் கையடியில் ஒரு தாள்கட்டு இருந்ததாகவும் சொன்னான். அதில் எங்கள் விண்ணப்பம் இருந்ததா என்று கேட்டேன். இங்கிலீசுத் தாளெல்லாம் தனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்றான்.

மறுமொழி அடுத்த மழைக்காலத்திற்குப் பின் வந்தது. முழங்காலின் நோய் படையில் சேருமுன்பே இருந்தது, பணியினால் உண்டானதன்று, ஆகவே உபகாரச் சம்பளம் இல்லை. இதுவே அதன் பொருள். நான் படித்துத் தமிழில் சொன்னேன். தம்பி உரலின்மேல் அமர்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை.

“லாரியப் பத்தி என்ன போட்டிருக்குதுங்க?” என்றான்.

“ஒன்னும் இல்ல.”

“அப்ப அது கவுழவே இல்லையாட்டம் இருக்குது” என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தான். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. தாளை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்து உறையில் வைத்தேன்.

மேல்முறையீடு செய்ய இடம் இருந்தது. மனு எழுதுபவர், சூட்டைப் பற்றிய வரிகளே இல்லாமல் புதிதாக எழுதலாம் என்றார். சேருமுன் ஒரு குறையும் இருந்ததில்லை என்று ஊர் மணியகாரரும் கையெழுத்திட இசைந்தார். தம்பி என்னிடம், “நீங்க சொன்னாத்தானுங்கண்ணா” என்றான். எழுதட்டும் என்றேன். அந்த மனு போயிற்று. அதன் படியை நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஓர் ஆண்டு காத்திருந்தோம். மறுமொழி வரவில்லை. தம்பி நிலத்தை விற்றுவிட்டு, சேலத்தில் ஓர் எண்ணெய் ஆலையின் வாயிற்காவலுக்குப் போனான். நாள் முழுதும் நிற்கும் வேலை. உட்கார வேண்டியதில்லை என்று அதையே அவன் நன்மையாகச் சொன்னான். புறப்பட்ட நாளில் வண்டியில் சாமான் ஏற்றியபின், அவன் மனைவி என் அருகில் வந்து நின்றாள்.

“ஏனுங் மாமா, அந்தச் சூட்டுச் சேதிய மொதல்லயே எழுதாம வுட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?”

“தெரியலம்மா” என்றேன். அவள் தலையசைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். உரல் வண்டியில் ஏறவில்லை. அது இப்போதும் கவிழ்ந்தபடியே கிடக்கிறது.

தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்கள் என் வரிகளைப் படித்தபின் தழும்பைப் பார்த்தார்களா, தழும்பைப் பார்த்தபின் வரிகளைத் தேடினார்களா, வரிகளைப் படிக்கவே இல்லையா என்பது தெரியாது. லாரி கவிழ்ந்த செய்தி எந்த ஏட்டிலாவது பதிவானதா என்பது தெரியாது. இரண்டாம் மனு உரிய இடத்தைச் சேர்ந்ததா என்பது தெரியாது. ஒன்பது வயதில் அந்த முழங்காலில் இருந்த நோய் இன்னது என்பதும் தெரியாது.