மூலையில் ஒரு சிவப்புத் தையல்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டின் மழைக்காலத்தில் நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் என் கம்பளிப் போர்வையைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் நான் எதை மறைத்துவைத்திருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தார். கறை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. முகர்ந்து பார்த்தார்; ஓரத்தை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். "கறை இல்லாம யாரும்மா துணி கொண்டுவர்றாங்க? காப்பியா, மருந்தா, சொல்லிடுங்க. நான் வெளியே சொல்ல மாட்டேன்" என்றார். இருமல் மருந்துதான் என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பின்னரே அவர் முகம் தெளிந்தது.

அவர் சலவைக்கடைக்காரர். கீழே கடை, கடைக்குப் பின்னால் அவரும் மனைவியும் குடியிருக்கும் இரண்டு அறைகள், மேலே நான். துணிக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு என்று எல்லாச் சலவைக்கடைகளையும் போலவே அவரும் கொடுப்பார். ஆனால் அந்தச் சீட்டை அவர் நம்புவதில்லை. தண்ணீரில் ஊறினால் கழன்றுவிடும், கழன்றதை எவனாவது எடுத்து எதிலாவது குத்திவிடுவான் என்பார். ஆகையால் ஒவ்வொரு துணியின் உள்மூலையிலும் தம் கையாலேயே ஒரு சிறு தையல் போட்டுவிடுவார். ஆளுக்கு ஒரு நிறம், நிறத்துக்குள் ஒரு வடிவம். எனக்குப் பச்சையில் ஒரு பெருக்கல் குறி. இன்னமும் என் தலையணையுறைகளில் அது இருக்கிறது.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. அவர் வேறொருவரிடம் வேலை பார்த்த காலத்தில், காலமான தன் கணவருடையது என்று ஒரு மூதாட்டி கொடுத்த மேலங்கி சீட்டு மாறி யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டதாம், திரும்பி வரவேயில்லையாம். "அந்தப் பெரியம்மா திட்டலைம்மா. திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன். சும்மா நின்னுட்டுப் போயிட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். அன்று முதல் உதிர்ந்த ஒரு பொத்தானைக்கூட அவர் எறிந்ததில்லை. கல்லாப்பெட்டியின் மேல் ஒரு கண்ணாடிக் குப்பி நிறையப் பொத்தான்கள் இருக்கின்றன. "யாராவது வந்து கேட்பாங்க. எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

மனைவி கருவுற்றிருந்தபோது, அந்த "எதுக்கும் இருக்கட்டும்" பெருகியது. மருத்துவரின் முகத்தை அவர் கறை தேடும் கண்ணோடுதான் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், வீட்டுக்கு வந்து, "இவ்வளவு சீக்கிரம் ஏன் நல்லாருக்குன்னு சொன்னாங்க?" என்று கேட்பார். மனைவியின் தாயாருக்கு அந்தச் சமயத்தில் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஆகவே அந்தப் பெண் என்னிடம் வந்து, "நீங்க கூட வரணும்மா. இவரைத் தனியா விட்டா ஆஸ்பத்திரியையே சோதனை போடுவார்" என்றாள்.

போகும்போது அவர் ஒரு பையைத் தாமே சுமந்து வந்தார். உள்ளே குழந்தையைச் சுற்றுவதற்கென்று துவைத்து, காய்ச்சி, தேய்த்து மடித்த வெள்ளைத் துணிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. வேறு எந்த வாடிக்கையாளருக்கும் அந்தச் சிவப்பை அவர் கொடுத்ததில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

பிரசவ அறைக்கு வெளியே மற்ற ஆண்கள் உலாவினார்கள். இவர் கதவுக்கு நேர் எதிரே நின்று, போகிறவர்கள் கையில் என்ன போகிறது, வருகிறவர்கள் கையில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மனைவியின் குரல் உயரும்போதெல்லாம் சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்து என் பையில் போட்டுவைத்தேன். பிறகு மனைவியின் குரல் நின்றது. ஒரு குழந்தை அழுதது.

"பிறந்துவிட்டது" என்றேன்.

"இது பக்கத்து ரூம்மா" என்றார். "நம்மது இவ்வளவு சத்தமா அழாது."

செவிலியர் கொண்டுவந்து காட்டினார். பெண் குழந்தை. அவர் கை நீட்டவில்லை. தலை முதல் கால் வரைக்கும் பார்த்தார், காது மடலுக்குப் பின்னால் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார். சிவந்த, சுருங்கிய, எல்லாக் குழந்தைகளையும் போன்ற ஒரு குழந்தை. "ஒரு மச்சம்கூட இல்லையே" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அந்தக் குரலில் குறை இல்லை, பயம்தான் இருந்தது. உடனே தம் வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்து, மூலை வெளியே தெரியும்படி சுற்றச் சொன்னார்.

மறுநாள் முற்பகலில், குழந்தையின் உடம்பு சற்று மஞ்சளாக இருப்பதாகச் சொல்லி விளக்கு வெளிச்சத்தில் வைப்பதற்காக எடுத்துப் போனார்கள். அந்த அறைக்குள் இவரை விடவில்லை. திரும்பி வந்த குழந்தையை மனைவியின் பக்கத்தில் கிடத்திவிட்டுச் செவிலியர் நகர்ந்ததும், இவர் குனிந்து மூலையைப் புரட்டினார். நான்கு மூலைகளையும் புரட்டினார். சிவப்பு இல்லை.

வெளியே நடந்தார். அவர் போன வேகம் எனக்குப் பிடிக்காமல் நானும் பின்னால் போனேன். நடைவழியில் பருத்த உடம்பும் தாடியுமாக ஒரு வேன் ஓட்டுநர், இரண்டு நாள் முன்பு பிறந்த தம் மகளை உறவினருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் மூலையில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் புள்ளி.

"அண்ணே, அது என்னுது" என்றார் இவர்.

"எது?"

"அந்தத் துணி."

"துணி உன்னுதுன்னா எடுத்துக்க தம்பி. அதுக்கு ஏன் குழந்தையைப் பார்க்குறே?"

"துணி என்னுதுன்னா உள்ளே இருக்கிறது யாரோடது?"

ஓட்டுநர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய சிரிப்பும் வற்றிப்போயிற்று. அவரும் தம் மகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார். "மூக்கு எங்க பக்கம் மாதிரிதானே இருக்கு?" என்று உறவினரைக் கேட்டார். உறவினர் உடனே பதில் சொல்லாததுதான் தப்பாகப் போயிற்று.

சத்தம் கேட்டு மூத்த செவிலியர் வந்தார். விளக்கறையில் இரண்டு குழந்தைகளின் துணிகளும் ஒரே மேசையில் கிடந்தன என்றும், கைக்கு எட்டியதை எடுத்துச் சுற்றிவிட்டார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். "துணிதான் சார் மாறிச்சு. குழந்தையா மாறிச்சு?"

"எங்க கடையில துணி மாறினா எல்லாமே மாறின மாதிரிதான் சிஸ்டர்."

செவிலியர் அவரைக் கட்டிலருகே அழைத்து வந்தார். குழந்தையின் கணுக்காலில் ஒரு நெகிழி வளையம். தாயின் மணிக்கட்டில் அதே எண்ணோடு இன்னொன்று. இவர் அதையும் நம்பவில்லை. விரலை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். "கழண்டு வராதா?"

"வெட்டினாத்தான் வரும்."

"வெட்டிட்டு வேற காலுல மாட்டினா?"

"ஒரு தடவை வெட்டினா மறுபடி பூட்டாது. பிறந்த உடனே, அம்மா பக்கத்துல இருக்கும்போதே போட்டது."

மேலும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். வளையம் அசையவில்லை. அவர் தோள்கள் தளர்ந்தன. "நல்ல சாமான்" என்றார்.

இதையெல்லாம் மனைவி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா விசாரணை?" என்று கேட்டாள். "நேத்து இங்கதான் பெத்தேன். முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தப் பிளாஸ்டிக்கைக் கேட்டீங்க."

அவர் வளையத்தின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பின்னும் அந்த வளையம் குழந்தையின் காலிலேயே இருந்தது. எல்லாரும் வெட்டி எறிவதை இவர் வெட்டவிடவில்லை. "இருக்கட்டும்மா, என்ன கனமா கனக்குது?" என்பார். குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தால், வாங்கும்போது அவர் பார்வை முகத்துக்குப் போகாது, கணுக்காலுக்குப் போகும். துவைத்து வந்த துணியில் தையலைத் தேடிப் பார்ப்பாரே, அதே பார்வை. மனைவி அதைக் கண்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

குழந்தைகள் வளர்கின்றன, வளையங்கள் வளர்வதில்லை. தொளதொளவென்று இருந்தது மெல்ல மெல்லக் காலோடு படிந்தது. ஒரு நாள் அந்தப் பெண் குழந்தையோடு மாடிக்கு வந்து எனக்கு அதைக் காட்டினாள். "சுண்டுவிரல் இன்னும் உள்ளே போகுதும்மா. போகாத அன்னைக்கு நானே வெட்டிடுவேன். ஆனா நான் வெட்டினா, இவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. இது தன் பிள்ளைன்னு அவருக்கா தோணி, அவர் கையாலதான் வெட்டணும்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திராது.

இதன் பின் ஒரு காலைப்பொழுதில் நான் படுக்கை விரிப்புகளைச் சலவைக்குப் போடுவதற்காகக் கடைக்குப் போயிருந்தேன். மனைவி குளிக்கப் போயிருந்ததால் குழந்தை இவர் பொறுப்பில் இருந்தது. மடித்த துணிகளின் நடுவே கிடத்தியிருந்தார். கடையில் கூட்டம். குழந்தை துணியை நனைத்துவிட்டது. ஒரு கையால் ஒருவருக்குச் சீட்டைக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் ஈரத்துணியை உருவிவிட்டு, கிடைத்ததைச் சுற்றித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். பேச்சு நிற்கவில்லை, வேலையும் நிற்கவில்லை.

முடிதிருத்தகக்காரர் தம் துண்டுகளை வாங்கிப் போக வந்திருந்தார். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதே முதலாளி. உங்க கடையிலகூடக் காணாமப் போகுமா?" என்று சீண்டினார்.

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அலமாரியில் தேடினார், தொட்டியில் தேடினார், முடிதிருத்தகக்காரரின் பையையே ஒரு முறை வாங்கிச் சோதித்தார். கடைசியில் முடிதிருத்தகக்காரர்தான் அவர் தோளைச் சுட்டிக் காட்டினார். குழந்தையைச் சுற்றியிருந்த துண்டின் மூலையில் நீல நூலில் ஒரு கத்தரிக் குறி.

"பாப்பா எங்க கடைக்கு வேலைக்கு வருது போல. அடையாளம்லாம் போட்டாச்சு" என்றார் முடிதிருத்தகக்காரர். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

இவர் சிரிக்கவில்லை. நீலத் தையலைப் பார்த்தார். பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "துண்டு நாளைக்குத் தர்றேன்" என்று மட்டும் சொன்னார். கணுக்கால் பக்கம் அவர் கண் போகவேயில்லை.

அன்று மாலை என் கதவு தட்டப்பட்டது. குழந்தையோடு தனியாக நின்றார்.

"அம்மா, நுனி மழுங்கின கத்தரிக்கோல் உங்ககிட்டத்தான் இருக்கும். கடையில இருக்கிறதெல்லாம் குத்திடும்" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். குழந்தையின் காலைத் தம் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, "காலையில நானே வேற ஒருத்தர் துண்டைச் சுத்தியிருக்கேன்மா. நாள் பூரா யோசிச்சேன். இது யாருன்னு ஒரு நிமிஷம்கூட எனக்குச் சந்தேகம் வரலை. ஏன் வரலைன்னுதான் தெரியலை" என்றார்.

கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். கீழ் அலகுக்கும் தோலுக்கும் நடுவே தம் விரலை வைத்துக்கொண்டு வெட்டினார். சிறிய ஓசை ஒன்று கேட்டது. குழந்தை காலை உதறிற்று. வெள்ளையாக ஒரு தடம் கணுக்காலைச் சுற்றித் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டேயிருந்தார். கீழே அறையிலிருந்து மனைவி பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. அவள் படியருகே வந்து காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நாங்கள் இருவருமே அறிந்திருந்தோம்.

அவர் எழுந்தார். வெட்டுப்பட்ட வளையம் அவர் உள்ளங்கையில் இருந்தது. வழக்கம்போலச் சட்டைப்பைக்கு அதைக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது.

"உங்க குப்பைக்கூடை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "எங்க வீட்டுக் கூடையில போட்டா, நான் திரும்ப எடுத்து வெச்சுக்குவேன்."