அருணாதேவியின் எழுபத்தொரு சதவீதம்

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், “இந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்திங்க, எல்லாருமே சொல்றாங்க” என்றால், அருணாதேவி கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு, “எல்லாரும்னா எத்தனை பேருங்க?” என்று கேட்பார். குதர்க்கம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப்பின் அந்த மனிதர் வேங்கிக்கால் வரும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். சாம்பார் நன்றாயிருக்கிறது என்று கணவர் குமரேசன் சொன்னால், “ஒருத்தர் சொன்னா அது கருத்து. தரவு இல்ல” என்பார். இருபத்தாறு வருட அனுபவத்தில் குமரேசன் இப்போது வாயைத் திறப்பதில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கிறார். அது செல்லும். “நடத்தையை அளக்கலாம்ல” என்பார் அருணாதேவி.

கல்லூரியில் முதுகலைச் சமூகவியலுக்கு ஆய்வு முறைகள் எடுக்கிறார். கணக்குக்குப் பயந்து சமூகவியலுக்கு வந்தவர்களை, இரண்டாம் ஆண்டில் கணக்கோடு காத்திருந்து பிடிப்பவர். “பௌர்ணமியன்னைக்கு கிரிவலப் பாதையில நின்னு, நடக்கப் பிடிக்குமான்னு கேட்டா எல்லாரும் பிடிக்கும்னுதான் சொல்வாங்க. ஊருக்கே பிடிக்கும்னு எழுதிடுவியா?” வகுப்பு தலையாட்டும். எத்தனை தலை ஆடவில்லை என்பதையும் எண்ணிவிடுவார்.

அவருடைய ஒரே பெருமை பதினேழு வருடத்துக்கு முந்தைய முனைவர் பட்ட ஆய்வு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் கூலிக்குப் போகும் பெண்களில் எழுபத்தொரு சதவீதத்தினர், வீட்டு முடிவுகளைக் கணவரோடு சேர்ந்தே எடுக்கிறார்கள் என்பது அதன் முடிவு. ஆண்டுதோறும் அந்த எண் கரும்பலகையில் ஏறும்.

இந்த வருடம் மாணவி பூஜா அதே பக்கத்தில், அதே கேள்வியைக் கேட்டு, முப்பத்துநாலு சதவீதம் என்று கொண்டுவந்து வைத்தாள்.

“எங்கியோ தப்பு பண்ணியிருக்கே.”

“மூணு தடவை எண்ணிட்டேன் மேடம்.”

“அப்ப சாம்பிள் சரியில்ல. சனிக்கிழமை நானே வந்து பதினஞ்சு பேரைக் கேக்கறேன்.”

முதல் வீடு வெள்ளையம்மாளுடையது. கணவர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, “ரெண்டு பேரும் சேந்துதாங்க முடிவு பண்றோம்” என்றார் வெள்ளையம்மாள். அருணாதேவி பூஜாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிவத்தில் சற்று அழுத்தியே டிக் போட்டார். அதற்குள் கரண்ட் வந்துவிட, கணவர் மோட்டார் போட எழுந்து போனார்.

வெள்ளையம்மாள் அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்தார்.

“அவரு எதிர்ல வேற என்னாங்க சொல்றது? பொண்ணை மேல படிக்க வேணாம்னு அவருதான் நிறுத்தினாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. மின்ன நீங்க வந்து கேட்டப்பவும் இப்படித்தான் பக்கத்துல ஒக்காந்துனு இருந்தாரு. அப்ப நீங்க கண்ணாடி போடல.”

அருணாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பூஜாவிடம் கேட்டார். “நீ இவங்களை எங்க வெச்சுக் கேட்ட?”

“மல்லாட்டைக் கொல்லையில மேடம். களை எடுத்துனு இருந்தாங்க. ஆம்பளைங்க யாரும் இல்ல.”

மீதிப் பதினான்கு பேரையும் அருணாதேவி வேர்க்கடலைக் கொல்லையிலேயே தேடிப் போய்க் கேட்டார். சேலை முழுக்கச் செம்மண். சேர்ந்து முடிவெடுப்பதாகச் சொன்னவர்கள் ஐந்து பேர். திரும்பும் பஸ்ஸில் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், “உன்னோடது சரி” என்றார்.

திங்கட்கிழமை நேராக நூலகத்துக்குப் போய்த் தம் ஆய்வேட்டைக் கேட்டு வாங்கி, நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். பேனாவைத் திறந்ததும் நூலகர் இருசப்பன் பதறி எழுந்தார்.

“மேடம், புக்குல எழுதக் கூடாதுங்க.”

“தெரியும்ங்க” என்று சொல்லிக்கொண்டே, எழுபத்தொன்றுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் அருணாதேவி எழுதினார்: ‘கணவர் உடன் இருந்தார்.’