கீறல் நடக்காது

சிட்னியின் செவன் ஹில்ஸ் பகுதியில் இசைத்தட்டு அடிக்கிற தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் கிடைத்தது, கதிரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற வேலை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரும் நான் சொன்னதை நம்பவில்லை. “அதுக்கும் சம்பளம் தாறாங்களோ?” என்று ஓர் அன்ரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

முதல் நாள் மேலாளர் கென் என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் விட்டார். ஒரு டர்ன்டேபிள், ஒரு ஹெட்போன், சுவர் முழுக்கத் தடித்த துணி. கென்னின் ஆங்கிலத்தை எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதுகிறேன். நடுவில் வந்த சில சொற்களை அச்சில் போட முடியாது.

“நேதன், நீ இங்க பாட்டைக் கேக்கக்கூடாது. பழுதைக் கேள். பாட்டுக்குத் தலையாட்டினியெண்டால் வேலை போச்சு.”

என் பெயர் கமலநாதன். கென்னுக்கு அதில் வால் மட்டும் போதுமாக இருந்தது.

தலையாட்டும் ஆபத்து எனக்கு இருக்கவில்லை. கொழும்பில் வானொலிப் பெட்டி திருத்தியவன் நான். இரைச்சலை நீக்குவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ராக் இசை என்பது இரைச்சலையே காசு கொடுத்து வாங்குவது என்று நினைத்திருந்தேன். வேலையோ தற்காலிகம். மூன்று மாதத்தில் நிரந்தரமாக்கினால்தான் கொழும்பில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ள முடியும். ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டிக்

தொழிலைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். சூடான பிளாஸ்டிக்கை இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அமுக்கினால் இசைத்தட்டு. அந்த அச்சுக்கு ஸ்டாம்பர் என்று பெயர். ஸ்டாம்பர்களை எடுக்கிற மூலத் தகட்டுக்கு மதர் என்று பெயர். ஸ்டாம்பரில் கீறல் விழுந்தால் தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை ‘டிக்’ என்று கேட்கும். சுற்றுக்கு ஒரு டிக் என்றால் கீறல். கண்ணை மூடிக்கொண்டு ரிஜெக்ட் சீட்டை ஒட்டலாம். எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடமே அதுதான்.

மூன்றாவது மாதம் மெல்பர்ன் பையன்கள் ஐந்து பேரின் எல்பி வந்தது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். டிரம்மருக்கு இன்றைக்கும் கோபம் வரலாம். முதல் பக்கம் முழுக்க கிட்டார் அலறியது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் மட்டும் ஒரு மெதுவான பாட்டு. ஒரு குரல், ஒரு கிட்டார், அடியில் மெல்ல டிரம். அந்த அமைதிக்குள் டிக். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுற்றுக்கு ஒன்று. ரிஜெக்ட்.

ஸ்டாம்பரை மாற்றினார்கள். டிக். மூன்றாவது ஸ்டாம்பரைப் போட்டார்கள். அதிலும் டிக்.

“அப்ப மதரிலதான் பழுது” என்றேன் கென்னிடம்.

கென் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி அல்ல. மதரில் பழுது என்றால் மெல்பர்னில் பாடலின் டேப்பிலிருந்து மூலத் தகட்டையே புதிதாக வெட்ட வேண்டும். தட்டு கடைக்குப் போகவேண்டிய நாள் தவறும். பையன்களின் சுற்றுப்பயணம் தட்டு இல்லாமலே தொடங்கும். கென் மெல்பர்ன் ஸ்டூடியோவுக்குத் தொலைபேசி எடுத்தார். தங்கள் டேப்பில் ஒரு பழுதும் இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள்.

“நேதன், நாளைக்கு வேலை முடியிறதுக்குள்ள முடிவு சொல்லு. மதர் பிழையெண்டு சொல்லி அது சரியா இருந்தால் நீ வீட்டை போகலாம். சரியெண்டு சொல்லி கடைக்காரர் திருப்பி அனுப்பினாலும் நீ வீட்டை போகலாம்.”

எப்படிப் பார்த்தாலும் எனக்கு வீடுதான். கொழும்பில் என் மனைவி பயணப்பெட்டி வாங்கிவிட்டாள் என்று வேறு தெரிந்திருந்தது.

தொடையில் போட்ட தாளம்

தட்டு அமுக்குகிற பிரெஸ் இயந்திரத்தை ஓட்டிய சண்முகம் கோயம்புத்தூர்க்காரர். அந்தக் கூரையின் கீழ் இருந்த இன்னொரு தமிழர் அவர் மட்டுமே. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தயிர்ச்சாத டப்பாவோடு என் அறைக்கு வந்தார். ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் தொடையில் தாளம் போடாமல் அவரால் கேட்க முடியாது. இங்கிலீஷ் பாட்டுக்கும் அப்படியே தட்டி, விரல் எண்ணி, கையைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது.

“என்னண்ணே, இது தாளத்துலல்ல விழுது? நான் தட்டுற எடத்துல கரெக்டா விழுது. கீறலுக்கு எப்படிண்ணே தாளம் தெரியும்?”

“பாட்டு மெதுவா ஓடுது சண்முகம். தட்டு ஒரு சுத்துச் சுத்த, ரெண்டு அடி போகுது. ரெண்டும் தற்செயலா ஒத்துப்போகலாம்தானே?”

“ஒத்துப்போகலாம். ஆனா மனுசன் வாசிக்கிறான். கடைசி வரைக்குமா ஒத்துப்போகும்? எங்கூரு தவில்காரரே கல்யாணத்துல தாலி கட்டுறப்ப கொஞ்சம் ஓடுவாரு.”

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. சிகரெட் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, அம்பு போல வெட்டி, தட்டின் நடு லேபிளில் ஒட்டினேன். கீறல் தட்டில் ஓரிடத்தில் இருப்பது; அது எங்கும் போகாது. டிக் கேட்கும்போதெல்லாம் அம்பு ஒரே பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும்.

ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு ஊசியை இறக்கினேன். முதல் டிக்குக்கு அம்பு சண்முகத்தைப் பார்த்தது. அடுத்ததற்கும் அவரைத்தான் பார்த்தது. ரிஜெக்ட் சீட்டைக் கையில் எடுத்தேன். பாட்டின் நடுவில் பாடகன் குரலை உயர்த்துகிற இடம் வந்தது. அம்பு சண்முகத்திடம் வந்து சேரும் முன்பே டிக் கேட்டது. அடுத்தது இன்னும் முந்தியது. கால் சுற்று வரைக்கும் முந்திப் போய், பாட்டு அடங்க அடங்கத் திரும்பி வந்து, முடிகிறபோது மறுபடி சண்முகத்தைப் பார்த்தது.

“நடக்குது” என்றார் சண்முகம், வாயில் சோறோடு.

கீறல் நடக்காது. நடந்தது ஒரு மனிதனின் கால். டிரம்மின் பெடலில் ஏதோ தளர்ந்திருக்கிறது. அவன் மிதிக்கிற ஒவ்வொரு முறையும் அது டிக் என்கிறது. ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் அது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

கென்னைக் கூட்டிவந்து காட்டினோம். அம்பையே பார்த்தபடி இரண்டு முறை பாட்டைக் கேட்டார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஓட்டு” என்றார் சண்முகத்திடம். என்னிடம், “நீ தலையாட்டினாய். நான் பாத்தனான்” என்றார்.

உண்மைதான். அந்தப் பாட்டை ஐம்பது தடவையாவது பழுதாகக் கேட்டிருப்பேன். அன்றுதான் பாட்டாகக் கேட்டேன். தோழன் உருகிப் பாடும்போது தன்னை அடக்க முடியாமல் கொஞ்சம் முன்னே ஓடி, பிறகு வெட்கப்பட்டு மெல்லத் திரும்பி வருகிற ஒருவன் அதற்குள் இருந்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவனால் மற்ற நால்வரையும் பிடித்தது. அலறுகிற கிட்டாரைக்கூடப் பிடித்துப்போனது.

டை கட்டிய ரசிகர்கள்

பையன்கள் சிட்னிக்கு வந்தபோது கென் எங்கள் இருவருக்கும் டிக்கட் வாங்கித் தந்தார். கச்சேரி என்றதால் நாங்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனோம். மண்டபத்தில் சட்டை போட்டிருந்தவர்களே குறைவு. வாசலில் நின்றவன் எங்களை வரி அலுவலகத்து ஆட்கள் என்று நினைத்து, மரியாதையாக முன்வரிசைக்கு அனுப்பினான்.

முடிந்த பிறகு கென் எங்களை டிரம்மரிடம் கூட்டிப்போனார். முழங்கை வரை வியர்வையோடு, வெட்கம் பிடித்த பையன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“இவங்கள் நாலு பேரும் எனக்குத் தாளம் பிடிக்கத் தெரியாதெண்டு ஏசுறவங்கள். என்னை மெஷினெண்டு நினைச்ச ஒரே ஆள் நீங்கள்தான்.”

அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருந்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தேன். எனக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: ரிஜெக்ட் சீட்டை எடுக்குமுன் அது நடக்கிறதா என்று பாருங்கள்.

போன கிழமை மகள் அந்த எல்பியின் புதுப் பதிப்பை சிடியாக வாங்கி வந்தாள்.

“அப்பா, கம்ப்யூட்டரில போட்டு ஃபுல்லா கிளீன் பண்ணியிருக்கினம். ஒரு நோய்ஸும் இல்லை.”

கதிரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கடைசிப் பாட்டு வந்தது. குரல் இருந்தது, கிட்டார் இருந்தது, டிரம் இருந்தது. டிக் இல்லை. எந்தக் கண்ணாடி அறையிலோ, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த யாரோ ஒருவர், தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. கதிரையின் கைப்பிடியில் நகத்தால் நானே தட்டத் தொடங்கினேன். பாடகன் குரலை உயர்த்துகிற இடத்தில் கொஞ்சம் முந்தினேன்.