முதுமலையில் நான் போட்ட அரோகரா

என் கையெழுத்து கோழி கிண்டிய குப்பை மாதிரி இருக்கும். எந்த 'ர' எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு மூட்டைகளின் மேல் மையால் ஊர்ப் பெயர் எழுதியதுதான் என் எழுத்து. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வருஷம் தீபத்தன்று மொட்டைமாடியில் நின்றிருந்தேன். மலை உச்சியில் நெருப்பு தெரிந்ததும் ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாங்க, இந்த ஊர்லயே பொறந்தவருன்னு சொல்றீங்க. கைய மட்டும் கூப்பறீங்க, வாயத் தொறக்க மாட்டேங்கறீங்களே?"

"தொண்ட சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. அந்த வார்த்தையை நான் ஒருமுறை சொல்லக்கூடாத இடத்தில் வாய்விட்டுச் சொன்னேன், முதுமலைக் காட்டில், ஒரு புலிக்கு முன்னால்.

கீழே தெருவில் அகல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கடலை எண்ணெய்தான் ஊற்றுவார்கள். அந்த வாசனை வந்தால் எனக்குக் கீழ்பென்னாத்தூர் மண்டி ஞாபகம் வந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே வேர்க்கடலை மூட்டை தைக்கிற வேலை எனக்கு. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். யாராவது பேசினால் கோணி ஊசியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அவ்வளவு கூச்சம். பெண் பார்க்கப் போனபோதுகூட வசந்தாவின் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த கேசரியைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

கல்யாணமான வருஷம் மண்டி முதலாளி ஒரு காலண்டர் கொடுத்தார். அதில் புலிப் படம். வலது முன்னங்காலைத் தூக்கி, வாயைப் பிளந்து, நேராக நம்மைப் பார்க்கும். தேதித் தாள்களெல்லாம் கிழிந்து தீர்ந்த பிறகும் வசந்தா அந்தப் படத்தை அடுப்பங்கரைச் சுவரை விட்டு எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு மாலையானால் கண் தெரியாமல் போயிற்று. பிறகு பகலிலும் பக்கங்கள் இருண்டன. குழாய்க்குள் பார்ப்பது போல இருக்கிறது என்றாள். வேலூரில் காட்டினோம். "இது ஜாஸ்தியாய்க்கினேதான் போவும். பாக்க வேண்டியதெல்லாம் இப்பவே பாத்துக்கம்மா" என்றார் டாக்டர்.

திரும்பி வர பஸ் ஏறினோம். பிறகு கேட்டேன். "உனக்கு இன்னா பாக்கணும்?" திருப்பதி என்பாள், கடல் என்பாள் என்று நினைத்தேன்.

"புலி" என்றாள். "கூண்டுல இல்ல. காட்டுல."

அப்போது எங்கள் தெருக்காரர்கள் ஒரு வேன் பிடித்து மைசூர், ஊட்டி போவதாக இருந்தார்கள். வழியில்தான் முதுமலை. நாங்களும் சேர்ந்துகொண்டோம். எதிர்வீட்டுக் குமுதா அக்கா ஒரு சட்டி புளிசோறு கொண்டுவந்தார். வேன் முழுக்கப் புளியும் பெருங்காயமும்தான்.

காட்டுக்குள் போக வனத்துறையின் பெரிய வண்டி. ஏறும்போதே காவலர் கண்டிப்பாகச் சொன்னார், யாரும் சத்தம் போடக்கூடாது என்று. ஒரு மணி நேரம் மான்கள்தான்.

"இது நம்ம மலையிலயே ஓடுமே, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று குமுதா அக்கா கிசுகிசுத்தார். காவலர் திரும்பி முறைத்தார்.

வசந்தாவுக்கு ஜன்னலோரம் இடம் வாங்கிக் கொடுத்திருந்தேன். எதையும் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகும். முகத்தை மெல்லத் திருப்பித் திருப்பி, ஊசிக் காதில் நூலை நுழைப்பது போலத்தான் பார்ப்பாள். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு குட்டைக்கருகே வண்டி நின்றது. தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்திருந்தது புலி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நனைந்துபோய், சாதுவாக. "இடது பக்கம், மூங்கிலுக்குக் கீழ" என்று அவள் காதில் நான் சொல்லியிருக்க வேண்டும். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெரிதாக எதையாவது கண்டால் எங்கள் ஊர்க்காரனுக்குக் கை தானாகத் தலைக்கு மேல் போகும். போயிற்று.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

கத்தியது நான். முதலாளி முன்னால் வாய் திறக்காத நான். எனக்குப் பின்னால் வண்டி மொத்தமும் "அரோகரா!" என்றது. தண்ணீர் தெறித்தது. மூங்கில் அசைந்தது. அவ்வளவுதான்.

காவலர் தலையில் அடித்துக்கொண்டார். "எந்த ஊருங்க நீங்க?"

"திருவண்ணாமலைங்க" என்றார் குமுதா அக்கா.

"அதான பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வசந்தாவைப் பார்க்கப் பயந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பாத்துட்டேங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஊட்டியில் அவளுக்குச் சிவப்பில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்தாறு வருஷத்தில் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஒருநாள் வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே தெருப் பெண்கள் அவளிடம் கேட்டார்கள், புலி எப்படி இருந்தது என்று.

"வலது கால தூக்கிக்கினு, வாயப் பொளந்துக்கினு, நேரா என்னையே பாத்துச்சுடி. வேணும்னா எங்க ஊட்டுக்காரரக் கேளு."

ஊசி கையிலேயே நின்றுவிட்டது. அது காலண்டர் புலி.

"ஆமா" என்றேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "ஆமா" என்றேன். தீபத்துக்கு வாய் திறப்பதையும் அன்றோடு விட்டேன்.

அவளுடைய கடைசித் தீபத்தன்று மாடிக்குக் கைப்பிடித்து ஏற்றிவந்தேன். ஊர் கத்தியதும் மலை இருந்த பக்கமாய் முகத்தைத் திருப்பிக் கும்பிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்களும் கத்துங்க. இது ஒண்ணும் ஓடிப்போவாது."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்போதும் எனக்குக் குரல் வரவில்லை.

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். குமுதா அக்கா மகனோடு ஓசூர் போய்விட்டார். சுவருக்கு வெள்ளையடித்தபோது காலண்டர் கையோடு பொடிந்து வந்துவிட்டது. அதைச் சொல்ல அவளும் இல்லை. சிவப்புக் குல்லா மட்டும் பெட்டியில் இருக்கிறது, பூச்சி அரித்து.

எழுதி முடிக்கும்போது ஜன்னல் வழியே மலைமேல் தீபம் தெரிகிறது. இன்னும் சில நாள் எரியும்.

கார்த்திகை மாதம், தீபம் ஏற்றிய ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை.