கம்பி வழியே வந்த குரல்

திருகோணமலை போகும் வழி கேட்டு எழுதுகிறீர்கள். சொல்கிறேன், ஆனால் என் முதற்பயணத்தை மறைத்துக்கொண்டு வழி மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் குருநாகல் பக்கத்துப் பென்சிற்கரிச் சுரங்கமொன்றில் வயர்லெஸ் திருத்துபவனாக இருந்தேன். நிலத்தடியில் வேலை செய்பவர்களோடு பேச இரண்டு புதுக் கருவிகள் வந்தன. திருகோணமலைத் துறைமுகத்தருகே இரண்டாம் உலக யுத்தகாலத்துச் சுரங்கப்பாதை ஒன்று சும்மா கிடக்கிறது, அங்கே சோதித்து வா என்று அனுப்பினார்கள்.

காலை ஆறு மணி பஸ். பகல் ஒன்றரைக்கு இறங்கினேன். தங்கல் ஓர்ஸ் ஹில் என்ற நகரப் பகுதியில். மறுநாள் எட்டு மணிக்கு உதவிக்கு ஜெமீல் நானா வந்தார். படகேறிப் போகவேண்டிய அக்கரைக் கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அந்தச் சுரங்கப்பாதையில் முன்பு சாமான் சுமந்தவர்.

ஒரு கருவியோடு அவர் உள்ளே போனார். நாற்பது யார் தூரம் தாண்டி முதல் வளைவு; அதோடு குரல் செத்துவிட்டது. பத்து மணி வரை திருகித் திருகிப் பார்த்தேன். வெளியே வந்த நானா சொன்னார்: “சேர், சுவரில பழைய டெலிபோன் கம்பி கிடக்கு. அதுக்குக் கிட்ட வச்சுக் கதைச்சுப் பார்ப்பம்.”

“கம்பி இல்லாமக் கதைக்கத்தானே நானா இந்தச் செற்!” என்று சிரித்தேன்.

“எங்கட வீட்டு ரேடியோவும் உடுப்புக் காயப்போடுற கம்பிக்குக் கிட்ட வச்சாத்தான் வடிவாக் கேக்கும்.”

வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டேன். நூற்றெண்பது யார் தூரத்துக்கு அப்பாலிருந்து அவர் இருமியதுகூடக் கேட்டது.

அறிக்கையில் “நான் கண்டறிந்த முறை” என்று எழுதினேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது நானா கேட்டார்: “என்ர பேரையும் போட்டனீங்களோ?”

“ஓம்” என்றேன்.

குருநாகல் திரும்பி எங்கள் சுரங்கத்தில் அதேபோலக் கம்பி இழுத்தோம். அடுத்த வருஷம் கூரை சரிந்து மூன்று பேர் அகப்பட்டபோது, அவர்கள் குரல் கம்பி வழியே வந்தது, மூவரும் பிழைத்தார்கள். மாலை எனக்குப் போட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடக் கிண்ணியாவுக்குப் போனேன். வாய் திறக்குமுன் நானா அயலவரைக் கூப்பிட்டார்: “சுரங்கத்துப் பேப்பரில என்ர பேரை எழுதின சேர் இவர்தான்!” தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: பழைய சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். கிண்ணியாவுக்கு இப்போது படகு தேவையில்லை. பிறகு கட்டிய பாலத்தைக் கடக்கச் சில நிமிடம் போதும். நான் இரண்டு முறை அதன் நடுவரை நடந்து போய்த் திரும்பிவிட்டேன்.